குரோமைட் ஓரிடத்தில் குவிவது எப்படி?

பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசப் பாறையில் ஒரு டன் எடுத்துச் சோதித்தால், அதில் சுமார் இரண்டரைக் கிலோ குரோமியம் இருக்கும். அது பாறை முழுக்கப் பொடிப்பொடியாகத் தூவிக் கிடப்பதால் யாரும் அதைப் பிரித்தெடுத்து விற்க முடியாது. ஆனால் இதே கவசப் பாறைக்கு நடுவே சில இடங்களில் கன்னங்கரேலென்று, கையில் எடுத்தால் எதிர்பாராத கனத்தோடு சில கட்டிகள் கிடைக்கின்றன. நல்ல தரமான கட்டி என்றால் ஒரு டன்னில் 300 கிலோவுக்கு மேல் குரோமியம். சுற்றிலும் இருக்கும் பாறையைப் போல நூறு மடங்குக்கும் அதிகம்.

அந்தக் கறுப்புக் கட்டிதான் குரோமைட். இரும்பு, மக்னீசியம், குரோமியம், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த கனிமம். ஸ்பினல் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொழிலுக்குக் குரோமியம் தருகிற தாது உலகத்தில் இது ஒன்றுதான். வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அது துருப்பிடிக்காத எஃகு என்ற பெயருக்கே தகும். தோல் பதனிடுவதற்கும், உலைகளுக்குள் அடுக்கும் செங்கலுக்கும், வண்ணப்பொடிக்கும் இதே குரோமியம்தான் வேண்டும்.

குரோமியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் எளிது: கவசத்திலேயே ஏராளமாக இருக்கிறது. பரவிக் கிடந்ததை யார் அள்ளி ஒரே இடத்தில் கொட்டியது என்பதுதான் சிக்கலான கேள்வி. 1970களிலிருந்து இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது எந்த அளவுக்கு உறுதியானது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு பிரிவினை. குரோமைட் இரண்டு விதமான இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, கண்டங்களின் பழம்பாறைகளுக்குள் அடுக்கடுக்காகப் படிந்தது. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் இதற்குப் பெயர்போனது. சுமார் 205 கோடி ஆண்டு பழையது. அங்கே ஒரே குரோமைட் அடுக்கு பல பத்துக் கிலோமீட்டருக்கு அறுபடாமல் ஓடும். இந்தியாவின் குரோமைட் இருப்பில் பெரும்பகுதியை வைத்திருக்கும் ஒடிசாவின் சுகிந்தாவும் மிகப் பழைய பாறைதான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்தோசைட் என்ற வெள்ளைப் பாறைக்குள் கறுப்புக் கோடுகளாக ஓடும் குரோமைட்டும் அடுக்கு வகைதான். சந்திரயான்-2 சோதனைகளுக்காக நிலவின் மண்ணைப் போன்ற மண் தயாரிக்க இஸ்ரோ எடுத்துச் சென்றது அந்தப் பகுதி அனார்தோசைட்டைத்தான். இந்த வகையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது வகை, பழைய கடல்தரைக்கு அடியில் இருந்த கவசப் பாறைக்குள் தனித்தனிப் பொதிகளாகக் கிடப்பது. அடுக்காக ஓடாது. ஒரு பொதி லென்ஸ் மாதிரி நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும். இன்னொன்று நீளமாகக் குச்சி போல இருக்கும். மற்றொன்றுக்கு வடிவமே சொல்ல முடியாது. சில கிலோ எடையிலும் இருக்கும், கோடி டன் கணக்கிலும் இருக்கும். பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் ஒன்றுமே கிடைக்காமலும் போகும். நான் இங்கே சொல்லப்போவது இந்தப் பொதிகளைப் பற்றித்தான்.

மலைமேல் ஏறிய கடல்தரை

கடலுக்கு அடியில், அதற்கும் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவான ஒன்றை நாம் எப்படிப் பார்க்கிறோம்? சில இடங்களில் புவித்தட்டுகள் மோதும்போது கடல்தரையின் ஒரு துண்டு, தனக்குக் கீழே இருந்த கவசத்தையும் சேர்த்துக்கொண்டு, கண்டத்தின் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இந்தத் துண்டுக்கு ஓபியோலைட் என்று பெயர். சைப்ரஸின் ட்ரூடோஸ் மலை, அல்பேனியாவின் புல்கீசா, துருக்கியின் பல மலைகள், பசிபிக்கின் நியூ கலிடோனியா, பிலிப்பைன்ஸின் சம்பாலெஸ், கஜகஸ்தானின் கெம்பிர்சாய் எல்லாம் ஓபியோலைட்டுகள்தான். நமக்குப் பக்கத்தில் அந்தமான் தீவுகளிலும் ஓபியோலைட் உண்டு. தெற்கு அந்தமானை அடுத்த ரட்லண்ட் தீவில் சிறு குரோமைட் பொதிகளும் இருக்கின்றன.

ஆனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஓமானைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் மஸ்கட்டிலிருந்து நிஸ்வாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் போயிருப்பார்கள். சமாயில் பக்கம் சாலையின் இருபுறமும் புல் பூண்டு இல்லாமல் கரும்பழுப்பாக நிற்கும் குன்றுகள், ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடல்தரையும் அதன் அடிக் கவசமும்தான். சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு அது கிடக்கிறது. மரமும் மண்ணும் மூடாததால் பாறையை நேரடியாகப் படிக்கலாம்.

மேலிருந்து கீழாக அதன் வரிசை இது. உச்சியில் கடல்நீரில் பாய்ந்து தலையணைத் தலையணையாக உறைந்த பசால்ட் எரிமலைக் குழம்பு. அதன் கீழே, ஒன்றை ஒன்று பிளந்துகொண்டு செங்குத்தாக நிற்கும் குழம்புச் சுவர்கள். அதற்கும் கீழே, மெதுவாகக் குளிர்ந்து பெரிய படிகங்களாகக் கட்டிய காப்ரோ. இத்தோடு மேலோடு முடிகிறது. அடுத்து வருவது கவசம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் எல்லையை மோஹோ என்கிறார்கள். கடலில் மோஹோவைத் தொட வேண்டுமென்றால் கடல்தரைக்குக் கீழே ஆறு ஏழு கிலோமீட்டர் துளையிட வேண்டும். இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஓமானில் அதன்மேல் காலை வைத்து நிற்கலாம். குரோமைட் பொதிகளில் பெரும்பாலானவை இந்த மோஹோவுக்குச் சற்றுக் கீழே, முதல் ஓரிரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. இது தற்செயல் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

பாறையில் நிறைய, குழம்பில் கொஞ்சம்

கவசம் என்றாலே கொதிக்கும் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பெரும்பாலும் திடமான பாறை. மிக மிக மெதுவாக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நகரும் திடப்பாறை. பெரிடோடைட் என்பது அதன் பொதுப்பெயர். பச்சை நிற ஆலிவின் அதில் முக்கால் பங்குக்குப் பக்கமாக இருக்கும். மிச்சத்தில் பைராக்சீன் வகைகள் இரண்டு. கூடவே நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் ஸ்பினல் துகள்கள். குரோமியம் இந்த ஸ்பினலிலும் பைராக்சீன்களிலும் தங்கியிருக்கிறது.

கடலுக்கு நடுவே தட்டுகள் விலகும் இடத்தில் இந்தப் பாறை மேலெழும்புகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உருகும் வெப்பநிலையும் குறைகிறது. அதனால் பாறையில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை உருகிக் குழம்பாகிறது. அந்தக் குழம்பு மேலேறிப் பசால்ட்டும் காப்ரோவும் ஆகிறது. உருகாமல் மிஞ்சுவது ஹார்ஸ்பர்கைட் என்ற பாறை. ஆலிவினும், பைராக்சீன் வகை இரண்டில் ஒன்றான ஆர்த்தோபைராக்சீனும் மட்டும் மிகுந்தது. ஓமானின் கவசப் பாறையில் பெரும்பகுதி இந்த மிச்சம்தான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பாறை உருகும்போது குரோமியம் குழம்போடு போக விரும்புவதில்லை. குரோமியத்தின் அயனிக்குத் தன்னைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் அணுக்கள் ஒழுங்காக அமைந்த இடம்தான் பிடிக்கும். ஸ்பினல் படிகத்தில் அப்படிப்பட்ட இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒழுங்கில்லாத குழம்பில் அந்த வசதி குறைவு. அதனால் பெரும்பகுதிக் குரோமியம் திடப்பாறையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு டன் கவசப் பாறையில் இரண்டரைக் கிலோ என்று பார்த்தோம். அதிலிருந்து பிரிந்து வந்த பசால்ட் குழம்பில் ஒரு டன்னுக்கு 300 கிராம் அளவுக்குத்தான் இருக்கும்.

அப்படியானால் தாது, குரோமியம் நிறைந்த பாறையிலிருந்து நேரடியாகத் திரண்டிருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? நடந்தது வேறு. தாதுப் பொதிகள் அந்தப் பஞ்சக் குழம்பிலிருந்துதான் பிறந்தன. காரணம், குழம்பு நகரும். பாறையில் இருக்கும் ஸ்பினல் துகள் தன் இடத்தைவிட்டு அசையாது. குழம்பில் குரோமியம் குறைவாக இருந்தாலும், ஓயாமல் ஒரே வழியாகப் போய்க்கொண்டே இருந்தால், போகும் வழியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்கலாம்.

எவ்வளவு குழம்பு வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் நல்ல குரோமைட்டில் 340 கிலோ குரோமியம். கடந்து போகும் ஒவ்வொரு டன் குழம்பும் தன்னிடமுள்ள 300 கிராமில் 200 கிராமை இறக்கிவிட்டுப் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு டன் குரோமைட் சேர 1,700 டன் குழம்பு கடந்திருக்க வேண்டும். 5 கோடி டன் பொதிக்கு? 8,500 கோடி டன் குழம்பு. கன அளவில் 30 கன கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு குழம்பையும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் தேக்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை; அந்த வழியாக அது ஓடியிருந்தால் போதும். ஒரு குரோமைட் பொதியைப் பார்க்கும்போது அந்த ஓட்டத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குழம்பு மேலே போய் எங்கோ கடல்தரை ஆகிவிட்டது. அது வந்துபோன தடம் இங்கே நிற்கிறது.

குரோமைட் மட்டும் தனியாகப் படிவது ஏன்?

ஓட்டம் மட்டும் போதாது. இன்னொரு தடை இருக்கிறது. உண்மையில் இந்தத் துறையின் மையமான கேள்வியே அதுதான். பசால்ட் குழம்பு சும்மா குளிர்ந்தால் அதிலிருந்து ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து படியும். ஆனால் எந்த விகிதத்தில்? நூறு பங்கில் தொண்ணூற்றெட்டு ஆலிவின், ஒன்றிரண்டு பங்கு குரோமைட். அப்படிப் படிந்தால் கிடைப்பது ஆலிவின் பாறைக்குள் அங்கங்கே கறுப்புப் புள்ளி. தாது ஆகாது. ஆலிவினை நிறுத்திவைத்துவிட்டுக் குரோமைட் மட்டும் படிய வேண்டும் என்றால், ஏதோ ஒன்று குழம்பின் சமநிலையைக் கலைத்திருக்க வேண்டும்.

கற்கண்டு காய்ச்சுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். பாகு தாங்கும் அளவுக்கு மேல் சர்க்கரை அதில் இருந்தால்தான் படிகம் கட்டும். அந்த அளவைத் தாண்டவைப்பதில்தான் கைப்பக்குவம். குழம்புக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டவைக்கக் குழம்பைக் குளிரவைக்கலாம். அல்லது அதன் சேர்மானத்தை மாற்றலாம். குளிரவைத்தால் ஆலிவினும் கூடவே வந்துவிடும். சேர்மானத்தை மாற்றினால் குரோமைட் மட்டும் வர வாய்ப்பு உண்டு.

1970களில் நீல் இர்வின் என்ற புவியியலாளர், கனடாவின் மஸ்காக்ஸ் என்ற அடுக்குப் பாறைத் தொகுதியை ஆராய்ந்தபோது இதற்கு வழி சொன்னார். குழம்பில் சிலிக்கா கூடினால் குரோமைட் முந்திக்கொண்டு படியும் என்பது ஒரு யோசனை. இரண்டு குழம்புகள் கலந்தாலும் அதேதான் நடக்கும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது யோசனை மிக அழகானது. ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து படியும் சேர்மானங்களை வரைபடத்தில் குறித்தால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு நேராக இருப்பதில்லை, வளைந்திருக்கிறது. இப்போது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும் இரண்டு வெவ்வேறு குழம்புகளை எடுத்துக் கலக்குங்கள். கலவை அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டில் எங்கோ விழும். வளைந்த கோட்டின் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அது வளைவின் ஒரு பக்கமாக விலகிப் போகும் அல்லவா? அந்தப் பக்கம்தான் குரோமைட் மட்டும் படியும் பகுதி. தனித்தனியே இருந்தபோது ஆலிவினைப் படியவைத்த இரண்டு குழம்புகள், கலந்த மாத்திரத்தில் குரோமைட்டை மட்டும் கொட்டுகின்றன.

இர்வின் இதை அடுக்குத் தாதுக்களுக்காகச் சொன்னார். கவசத்துக்குள் இருக்கும் பொதிகளுக்கு இது எப்படிப் பொருந்தும்? சிலிக்கா எங்கிருந்து வரும்? வேறு குழம்பு எங்கிருந்து வரும்?

பதில் பாறையிலேயே எழுதியிருக்கிறது. ஓமானிலோ சைப்ரஸிலோ எந்தக் குரோமைட் பொதிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும், அது ஹார்ஸ்பர்கைட்டுக்குள் நேரடியாகக் கிடப்பது அபூர்வம். இரண்டுக்கும் நடுவே டியூனைட் என்ற பாறை உறையாகச் சுற்றியிருக்கும். சில இடங்களில் சில சென்டிமீட்டர் தடிமன், சில இடங்களில் பல மீட்டர். டியூனைட்டில் கிட்டத்தட்ட ஆலிவின் மட்டும்தான். ஹார்ஸ்பர்கைட்டில் இருக்கும் ஆர்த்தோபைராக்சீன் அதில் காணாமல் போயிருக்கும்.

அது எங்கே போனது என்றால், குழம்பு அதைக் கரைத்துவிட்டது. ஆழத்தில் பிறந்த குழம்பு மேலே வந்து குறைந்த அழுத்தத்தை அடையும்போது அதற்கும் ஆர்த்தோபைராக்சீனுக்கும் ஒத்துப்போவதில்லை. வழியில் இருக்கும் பைராக்சீனைக் கரைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஆலிவினைப் படியவைத்துவிட்டுப் போகிறது. 1990களில் பீட்டர் கெலமனும் அவரோடு வேலை செய்தவர்களும், கவசத்துக்குள் குழம்பு ஓடும் கால்வாய்கள்தான் டியூனைட் என்று விளக்கியது இந்த அடிப்படையில்தான். கரைந்த பைராக்சீன் குழம்புக்கு இரண்டு பொருள்களைத் தருகிறது: சிலிக்கா, கூடவே தன்னிடமிருந்த குரோமியம். குழம்பின் சேர்மானம் மாறுகிறது.

இப்படி மாறிப்போன குழம்பு கால்வாயில் இருக்கும்போது கீழேயிருந்து புதுக் குழம்பு ஒன்று வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவைதான். ஆனால் ஒன்று பாறையோடு வினைபுரிந்து மாறிவிட்டது, மற்றது மாறவில்லை. கலந்தவுடன் இர்வின் சொன்ன வளைகோட்டுக் கணக்கு வேலை செய்கிறது. குரோமைட் கொட்டுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஷோஜி அராயும் அவருடைய சகாவும் 1994இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். மெய்-ஃபூ சோவ் முதலானவர்களும் அதே காலத்தில் இதே திசையில் எழுதினார்கள். டியூனைட் உறை ஏன் எப்போதும் இருக்கிறது, பொதிகள் ஏன் ஹார்ஸ்பர்கைட் பகுதியில் அதிகம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விளக்கம் பதில் சொல்வதால் எனக்கு இதுதான் மற்றவற்றைவிட வலுவாகப் படுகிறது.

குழம்பு எந்த மாதிரி இடத்தில் இப்படி நின்று கலந்திருக்கும்? ஓமானின் மக்சாத் பகுதி இதைக் கண்ணுக்கு எதிரே காட்டுகிறது. அடோல்ஃப் நிக்கோலாவும் பிரெஞ்சுப் புவியியலாளர்களும் ஓமான் மலைகளைப் பல ஆண்டுகள் நடந்தே வரைபடமாக்கினார்கள். கனிமப் படிகங்கள் எந்தத் திசையில் நீண்டு கிடக்கின்றன என்று அளந்து பார்த்தபோது, மக்சாத்தில் கவசப் பாறை செங்குத்தாக மேலெழும்பி, மோஹோவுக்குக் கீழே வந்ததும் நாலா பக்கமும் படுக்கையாகத் திரும்பியது தெரிந்தது. 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்தரை பிளந்து விரிந்துகொண்டிருந்த இடத்தின் அடிப்பகுதி அப்படியே உறைந்து நிற்கிறது. அங்கே ஒரு செங்குத்தான குழம்பு வழிக்குள்ளேயே குரோமைட் படிந்திருக்கிறது. மோஹோவை ஒட்டிய பகுதியில் பொதிகள் அதிகமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்: மேலே ஏறிவரும் குழம்புகள் எல்லாம் மேலோட்டுக்குள் நுழையுமுன் கூடும் இடம் அது.

நீரின் பங்கு

குரோமைட் படிகத்தை மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே சின்னச்சின்ன அடைப்புகள் தெரியும். படிகம் வளரும்போது உள்ளே மாட்டிக்கொண்ட துளிகள் அவை. அவற்றில் ஆம்பிபோல், மைக்கா வகைக் கனிமங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் தம் அமைப்புக்குள் நீர் வேண்டும். ஆக, குரோமைட் படிந்த குழம்பில் நீர் இருந்திருக்கிறது. நடுக்கடல் மலைத்தொடர்களின் சாதாரணக் குழம்பில் நீர் மிகக் குறைவு என்பதால் இது முக்கியமான தடயம்.

நீர் என்ன செய்யும்? செர்கேய் மத்வேயெவும் கிறிஸ் பால்ஹவுஸும் 2002இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஆலிவின், குரோமைட் ஆகியவற்றோடு நீர் நிறைந்த பசால்ட் குழம்பை உயர் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். குழம்பிலிருந்து நீர் தனிக் குமிழாகப் பிரிந்தபோது, குரோமைட் துகள்கள் நீர்க்குமிழோடு போய் ஒட்டிக்கொண்டன. ஆலிவின் குழம்பிலேயே நின்றுவிட்டது. இரண்டையும் பிரித்துவைக்க இயற்கைக்கு இப்படியும் ஒரு வழி இருக்கலாம் என்று அது காட்டியது. எல்லாப் பொதிகளுக்கும் இது பொருந்தும் என்று ஏற்றுக்கொள்ளாதவர்கள் உண்டு.

இந்தச் சோதனையை ஆர்வத்தோடு பார்க்கவைத்தது ஒரு விசித்திரமான தாது. சில பொதிகளில் குரோமைட் பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை உருண்டை உருண்டையாகப் பச்சை ஆலிவினுக்கு நடுவே பதிந்திருக்கும். சுரங்கக்காரர்கள் சிறுத்தைத் தாது என்று அழைப்பது இதைத்தான். புஷ்வெல்ட் மாதிரியான அடுக்குத் தாதுக்களில் இது கிடைப்பதில்லை. ஓபியோலைட் பொதிகளுக்கே உரியது. உருண்டை எப்படி வந்தது? ஓடும் குழம்பில் சுழன்று சுழன்று, கீழே விழாமல் மிதந்தபடியே வளர்ந்தது என்று 1980களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் குழு ஒன்று சொன்னது. குமிழைச் சுற்றித் திரண்டது என்பது நீர்க் கட்சியின் வாதம். சைப்ரஸ் உருண்டைகள் சிலவற்றின் உள்ளே, கிளை பிரிந்த எலும்புக்கூடு மாதிரிப் படிகங்கள் இருக்கின்றன. அவசரமாக வளர்ந்த படிகத்துக்குத்தான் அந்த வடிவம் வரும். அளவு மீறிப் போன குழம்பிலிருந்து சடாரென்று கொட்டியது என்பதற்கு அது நல்ல சான்று. உருண்டையின் கதை இன்னும் முடிந்தபாடில்லை.

சரி, நீர் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தட்டுகள் அமிழும் இடங்களில் இருக்கிறது. ஒரு கடல்தட்டு இன்னொன்றுக்குக் கீழே அமிழும்போது தன்னோடு கொண்டுபோன நீரை ஆழத்தில் வெளியேற்றும். அந்த நீர் மேலே இருக்கும் கவசத்துக்குள் புகுந்தால், ஏற்கெனவே ஒருமுறை உருகி வற்றிப்போன ஹார்ஸ்பர்கைட்டும் மறுபடி உருகும். அப்படிப் பிறக்கும் குழம்புக்கு போனினைட் என்று பெயர். மக்னீசியமும் சிலிக்காவும் நீரும் மிகுந்தது, குரோமியமும் சாதாரணப் பசால்ட்டைவிடக் கூடுதல், அலுமினியம் குறைவு. இந்தக் குழம்பில் படியும் குரோமைட்டிலும் குரோமியம் தூக்கலாக இருக்கும்.

அதனால்தான் பொதிகளில் இரண்டு குலம் இருக்கின்றன. குரோமியம் மிகுந்தவை ஒன்று. அவை போனினைட் மாதிரிக் குழம்பின் பிள்ளைகள். எஃகு ஆலைகளுக்குப் பிடித்தவை. அலுமினியம் மிகுந்தவை மற்றொன்று. அவை சாதாரணக் கடல்தரைப் பசால்ட்டை ஒத்த குழம்பில் படிந்தவை. வெப்பம் தாங்கும் செங்கல்லுக்கு ஏற்றவை. பிலிப்பைன்ஸின் சம்பாலெஸில் இரண்டையும் ஒரே மலைத்தொடரில் பார்க்கலாம்: அகோஹே சுரங்கத்தில் முதல் வகை, கோட்டோ சுரங்கத்தில் இரண்டாம் வகை. ஓமானிலும் இரண்டும் உண்டு. கஜகஸ்தானில் குரோம்டாவ் நகரத்தை ஒட்டிய கெம்பிர்சாய் பொதிகள் முதல் வகை. உலகத்தின் மிகப் பெரிய பொதிகள் அவைதான்.

நடுக்கடல் மலைத்தொடரில் குரோமைட் பொதி உருவாகவே முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் கிழக்குப் பசிபிக்கின் ஹெஸ் டீப் என்ற பள்ளத்தில் துளையிட்டபோது, டியூனைட் உறையோடு கூடிய மிகச் சிறிய பொதி ஒன்று கிடைத்தது. ஆக, முறை அங்கேயும் ஒன்றுதான். ஆனால் நீரும், இரண்டாம் முறை உருகுதலும் சேர்ந்தால்தான் பெரிய தாது கிடைக்கும் போலிருக்கிறது. இன்றைய ஓபியோலைட்டுகளில் பல, திறந்த பெருங்கடலின் நடுவே உருவானவை அல்ல, அமிழும் தட்டுக்கு மேலே உருவானவை என்ற கருத்துக்கும் இது ஒத்துவருகிறது.

பிறந்த பிறகு

திபெத்தின் லுவோபுசா குரோமைட்டிலிருந்து வைரமும், மிக உயர்ந்த அழுத்தத்தில் மட்டும் உருவாகும் வேறு கனிமங்களும் எடுத்ததாகச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். போலார் யூரல் மலைகளிலும் இதே மாதிரிச் செய்தி வந்தது. வைரம் என்றால் 100 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். மோஹோவுக்குப் பக்கத்தில் பிறந்த பொதிக்குள் அது எப்படி வரும்? ஒரு தட்டோடு அமிழ்ந்து ஆழத்துக்குப் போய், கவசத்தின் சுழற்சியில் மறுபடி மேலே வந்த பழைய குரோமைட் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பாறையை உடைத்து அரைக்கும்போது கருவிகளிலிருந்து கலந்த செயற்கை வைரம் என்று இன்னொரு தரப்பு. ஆனால் வைரத்தை விட்டுவிட்டாலும், லுவோபுசா குரோமைட் படிகங்களுக்குள்ளேயே பிரிந்து நிற்கும் மெல்லிய கனிம இழைகள் ஆழத்தைத்தான் சுட்டுகின்றன. அவற்றைக் கருவியிலிருந்து வந்த கலப்படம் என்று ஒதுக்கிவிட முடியாது. குறைந்த ஆழத்தில் பிறப்பு என்ற பொதுவிதி பெரும்பாலான பொதிகளுக்குச் செல்லும். சிலவற்றுக்கு நீண்ட பயண வரலாறு இருக்கலாம்.

பிறந்த பொதி சும்மா இருப்பதில்லை. கவசப் பாறை நகர்ந்துகொண்டே இருப்பதால் அதுவும் இழுபடுகிறது, மடிகிறது, துண்டாகிறது. முதலில் பாறையின் ஓட்டத்துக்குக் குறுக்கே நின்ற பொதி மெல்லமெல்லத் திரும்பி ஓட்டத்தோடு இணையாகிவிடும். நியூ கலிடோனியாவில் இதைக் கவனித்தவர்கள், குறுக்கே நிற்பது, சாய்ந்து நிற்பது, இணையாகக் கிடப்பது என்று பொதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். இணையாகக் கிடப்பது அதிக நேரம் இழுபட்டது. பென்சில் மாதிரி நீண்ட பொதிகள் வந்தது இப்படித்தான். அப்புறம் கண்டத்தின்மேல் ஏறும்போது விரிசல்கள் வெட்டுகின்றன. நீர் புகுந்து ஆலிவின் செர்பென்டைனாக மாறுகிறது. இத்தனைக்கும் குரோமைட் ஈடுகொடுக்கிறது. படிகத்தின் விளிம்பு மட்டும் இரும்பு மிகுந்து மாறும், நடுப்பகுதி பிறந்தபோது இருந்த சேர்மானத்தோடு நிற்கும். அந்த நடுப்பகுதியை அளந்துதான் இவ்வளவு கதையும் நமக்குத் தெரிகிறது.

இந்த இழுபறியின் விளைவைச் சுரங்கம் தோண்டுகிறவர்கள் அனுபவிக்கிறார்கள். அடுக்குத் தாது என்றால் ஒருமுறை பிடித்தால் கிலோமீட்டர் கணக்கில் தொடரலாம். பொதியோ சட்டென்று முடிந்துவிடும். அடுத்தது எங்கே என்று அது சொல்லாது. ஆனாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியதில்லை. முதலில் மோஹோவைக் கண்டுபிடித்து அதற்குக் கீழே உள்ள ஹார்ஸ்பர்கைட்டைப் பார்க்க வேண்டும். அதற்குள் டியூனைட் தடித்து நிற்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். படிகங்கள் நீண்டு கிடக்கும் திசையை அளந்தால், ஒரு பொதி எந்தப் பக்கம் தொடரும் என்று ஓரளவு சொல்லலாம். மண்ணுக்கு அடியில் மறைந்திருந்தால் எடைதான் துணை: செர்பென்டைனின் அடர்த்தி நீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், குரோமைட்டின் அடர்த்தி நாலரை மடங்கு. அந்த வித்தியாசம் புவியீர்ப்பில் மிக நுண்ணிய மாற்றமாகத் தெரியும். கியூபாவின் கமாகுவேயில் 1950களில் அமெரிக்கப் புவியியலாளர்கள் ஈர்ப்புமானியைக் கொண்டு இப்படித் தேடினார்கள். பெரிய பொதியும் மேலாக இருக்கும் பொதியும் அதில் சிக்கும். சிறியதும் ஆழத்தில் இருப்பதும் நழுவிவிடும். அவற்றுக்கு இன்றும் டியூனைட்டைத் தொடர்ந்து நடந்து போய், துளையிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.